புள்ளி விழுந்த இடம்

செல்போன் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பொய் சொல்லாதுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். எங்கள் குமிளங்குடி வடபாதியில் அம்சம் அக்காவின் வீடு எங்கே இருக்கிறது என்று அதை யாரும் கேட்கவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று அதனிடமே கேட்டார்கள். அது தான் நின்ற இடத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று வருடமாக அந்த அக்கா பட்ட பாட்டை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

என் பெயர் ஜெகபர் அலி. தஞ்சாவூர் போகிற ரோட்டில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது என்று ஊரின் பிறப்பு இறப்பு எல்லாம் என் கடை வழியாகத்தான் போகும். எனக்குக் கொஞ்சம் வாய் துடுக்கு. அதனால் ஒன்றிய அலுவலகத்தில் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

அம்சம் அக்காவுக்கு என்னைவிட வாய் அதிகம். நடவுக்கு இறங்கினால் அவர்தான் வரிசையின் முதல் ஆள். அவர் பேச ஆரம்பித்தால் மற்ற பெண்களுக்கு இடுப்பு வலி மறந்துபோகும் என்பார்கள். கடைக்கு வந்து நிற்கும்போது இணையம் மெதுவாக இருந்தால், "என்ன தம்பி, ஒங்க பொட்டி இன்னும் பல்லு வெளக்கலையா?" என்று கேட்பார். கடையே சிரிக்கும்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மாமனார் காலத்தில் அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்த மனையில், மண்சுவரும் கீற்றுக்கூரையுமாக ஒற்றை அறை வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறிக் கரையும். தை பிறந்ததும் அக்காவும் அவர் கணவர் வைரக்கண்ணுவும் ஆற்று வண்டலைக் குழைத்துச் சுவரை மீண்டும் பூசுவார்கள். இப்படியே இருபத்தைந்து வருடம் போயிற்று. அந்த மனையில் கல்லுச்சுவர் வைத்து, மேலே தளம் போட்டு, மகள் எழில்மொழியை அதில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். அரசாங்க வீட்டுத் திட்டத்துக்கு மனுப் போட்டுப் போட்டு, வருகிற வருடம் வருகிற வருடம் என்று இருந்தார்கள்.

ஒரு மாசி மாதம் தாளடி அறுவடை முடிந்த கையோடு வைரக்கண்ணு இறந்துபோனார். மூட்டை தூக்கிவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஊருக்கு நாள் பார்த்துச் சொல்லும் வள்ளுவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். உயிர் போன நேரம் ரேவதி நட்சத்திரம். அடைப்பு என்றார். ஆறு மாதம்.

அடைப்பு என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பிட்ட சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், இறந்த அறையை அத்தனை மாதம் பூட்டிவைக்க வேண்டும். மீறித் திறந்தால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது நம்பிக்கை. நாலு கட்டு வீட்டுக்காரர்கள் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் புழங்குவார்கள். அம்சம் அக்காவுக்கு இருந்ததே ஓர் அறை. காரியம் முடிந்த அன்றைக்குக் கதவைச் சாத்தி, குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டார்கள். அம்மாவும் மகளும் ஒரு பெட்டி, இரண்டு குடம், சோற்றுப்பானையோடு வெளியே வந்தார்கள்.

சொந்தக்காரர்கள் வீட்டில் ஆறு மாதம் தங்குவது நடக்காத காரியம். தெருக் கோடியைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனால் நடுவாய்க்கால் வரும். அதன் கரையில் பூவரச மரத்தடியில் நாலு மூங்கில் நட்டு, தார்ப்பாய் கட்டிக் கொட்டாய் போட்டுக்கொண்டார்கள். ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அடைப்பு முடிந்தால் போய்விடுவார்கள். மகள்தான் பயந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. வாய்க்காலில் பாம்பு வரும் என்று பெட்டி மேல் கால் தூக்கி உட்கார்ந்து படித்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆடி மாதம் கணக்கெடுப்பு வந்தது. வீடில்லாதவர்கள், குடிசையில் இருப்பவர்கள் எல்லோரையும் செல்போன் செயலியில் ஏற்றப்போகிறார்கள் என்று தண்டோரா போடாத குறை. எங்கள் ஊருக்கு வந்த பையன் இனியவன். பக்கத்து ஊர்தான். டிப்ளமா படித்துவிட்டு ஒப்பந்தத்தில் வேலை பார்த்தான். நல்ல பிள்ளை. கழுத்தில் கட்சித் துண்டோ கையில் அதிகாரமோ கிடையாது. வீட்டு வாசலில் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், அந்த இடத்திலேயே லொக்கேஷன் பட்டனை அழுத்த வேண்டும். இதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை.

அவன் கொட்டாய்க்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்காவின் ஆதார் நகல் என்னிடம்தான் இருந்தது.

"அக்கா, ஒங்க சொந்த வீடு தெருவுல இருக்குன்னு சொன்னாங்களே. அங்க போயி எடுத்துடலாம், வாங்க" என்று இனியவன் முறையாகத்தான் கேட்டான்.

அக்கா அப்படியே நின்றுவிட்டார். "அது அடைப்புல கெடக்குது தம்பி. தொறக்கக் கூடாது. வாசல்ல நின்னு போட்டோவும் புடிக்கக் கூடாது. எம்புள்ள ஒத்தப் புள்ள."

"எத்தன மாசம்க்கா?"

"ஆறு. இன்னும் ரெண்டு மாசங் கெடக்குது."

இனியவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவனும் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவன். அவன் பெரியப்பா இறந்தபோது மூன்று மாத அடைப்பு பார்த்த வீடு அவனுடையது. முள் போட்ட கதவைத் திற என்று ஒரு தாயிடம் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. "சரிக்கா. இப்ப குடியிருக்கிற எடத்துலயே எடுத்துடறேன். பேரு ஒங்க பேருதானே, பட்டாவும் இருக்குல்ல, ஒண்ணும் ஆவாது" என்றான்.

அக்காவும் மகளும் தார்ப்பாயின் முன்னால் நின்றார்கள். திரையில் முதலில் ஒரு பெரிய வட்டம் வந்தது. அசையாமல் நின்றால் வட்டம் சுருங்கும், சுருங்கினால்தான் துல்லியம் என்று எங்களுக்கு விளக்கினான். மரத்தடியை விட்டுக் கொஞ்சம் வெயிலுக்கு நகர்ந்து, கரை ஓரத்தில் நின்று, பொறுமையாகக் காத்திருந்து, வட்டம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிய பிறகு அழுத்தினான். அவ்வளவு அக்கறை. அக்கறை இல்லாத ஒருவன் வந்து, டீக்கடையில் உட்கார்ந்து எல்லா வீட்டுக்கும் அங்கிருந்தே அழுத்திவிட்டுப் போயிருந்தால் அக்கா பிழைத்திருப்பார் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஆவணியில் அடைப்பு முடிந்தது. சாந்தி கழித்து, வீட்டைக் கழுவி மெழுகி, பால் காய்ச்சி உள்ளே போனார்கள். கொட்டாயைப் பிரித்த மூங்கில் விறகாயிற்று.

பட்டியல் இணையத்தில் வந்த அன்று நான்தான் திறந்து பார்த்தேன். அம்சம், கணவர் பெயர் வைரக்கண்ணு, தகுதி இல்லை. காரணம்: நீர்நிலைப் புறம்போக்கு. இனியவன் அழுத்திய புள்ளி வரைபடத்தில் வாய்க்கால் கரைமேல் அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது. நீர்நிலையில் குடியிருப்பவர்களுக்கு வீடு கொடுக்க முடியாது.

"என்ன தம்பி போட்டுருக்கு?" என்றார் அக்கா.

சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "நானு எப்ப தம்பி வாய்க்கால்ல குடியிருந்தேன்? அது அடைப்புக்குப் போனதுல்ல? பட்டா இருக்கே, காட்டுனா முடிஞ்சுது." அவ்வளவு நம்பிக்கை அந்தக் காகிதத்தின் மேல்.

பட்டாவை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த ஓவர்சியர் மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொன்னார், பட்டாவைப் படித்தார், உண்மைதான் என்றார். பிறகு கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா, இதுல பேரத் திருத்தலாம், போன் நம்பரத் திருத்தலாம். லொக்கேஷனத் திருத்த எங்களுக்கு வழி குடுக்கல. எடம் மாத்தித் தப்பு பண்ணுவாங்கன்னு பூட்டி வச்சிருக்காங்க. மேல இருந்து தொறந்தாத்தான் உண்டு."

"எப்ப சார் தொறப்பாங்க?"

"தெரியலம்மா."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடைப்புக்காவது ஆறு மாசம்னு வள்ளுவரு நாளு சொன்னாரு. இதுக்கு நாளு சொல்லக்கூட ஒரு ஆளு இல்லையே தம்பி" என்றார்.

அதன் பிறகு தஞ்சாவூருக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டங்களுக்கு அக்கா அலைந்தார். நடவு இருக்கிற நாளில் கூலியை விட்டுவிட்டுப் போவார். வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து, முத்திரை போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பி, நேராக என் கடைக்கு வந்து காட்டுவார். உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இருக்கும். உரிய அலுவலர் அதை உரிய அலுவலருக்கு அனுப்பியிருப்பார்.

ஒருநாள் உண்மையாகவே ஓர் அதிகாரி நேரில் பார்க்க வந்தார். வந்தவர் ஊரில் யாரையும் கேட்கவில்லை. கையில்தான் எல்லாம் இருக்கிறதே. செல்போன் வழி காட்ட, ஜீப் நேராக நடுவாய்க்கால் கரைக்குப் போய் நின்றது. அங்கே பூவரச மரமும் நாலு ஆடும் இருந்தன. அக்காவின் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா மேலத்தெரு வயலில் சம்பா நடவில் குனிந்திருந்தார். போன் வரப்பில், சோற்றுத்தூக்குப் பைக்குள் அடித்து ஓய்ந்தது. அதிகாரி வெறும் கரையைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் திரையில் புதிய வரி வந்திருந்தது. குறிப்பிட்ட இடத்தில் வீடு எதுவும் இல்லை. மனுதாரர் அங்கு வசிக்கவில்லை.

முதலில் தப்பான இடத்தில் வீடு இருந்தது. இப்போது வீடே இல்லை. நான் ஓவர்சியரிடம் போய்க் கத்தினேன். "தெருவுல வந்து ஒரு ஆளக் கேட்டிருந்தா கையப் புடிச்சு கூட்டிட்டுப் போயிருப்பாங்களே, சார்!" அவர் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் புயல் சின்னம் ஒன்று கரை கடக்காமல் கடலிலேயே சுற்றிச் சுற்றிப் பெய்தது. பயிரெல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. அக்கா வீட்டின் பின்சுவர் ஊறி ஊறி, ஒரு மத்தியானம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. எழில்மொழி அப்போது தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தவள், சுவர் விழுந்த மறுநாள் கடை விடுதியிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று துணிகளை எடுத்துப் போனாள். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும், "மாமா, அம்மாவ இனிமே மனு குடுக்கப் போவாதன்னு சொல்லுங்க. எனக்குப் பாக்க முடியல" என்றாள். பஸ் வந்துவிட்டது. நான் அந்தச் செய்தியை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிறவரும் இல்லை.

விழுந்த சுவரின் பக்கம் சேலையும் சாக்கும் கட்டிக்கொண்டு, சாய்ந்த கூரைக்கு முட்டுக் கொடுத்து அக்கா தனியாக இருந்தார். நடவில் அவர் பேச்சு குறைந்துவிட்டது என்று மற்ற பெண்கள் சொன்னார்கள். கடைக்கு வந்தாலும் என் பெட்டியைக் கேலி செய்வதில்லை. வந்து உட்காருவார். திறந்துவிட்டார்களா என்று பார்க்கச் சொல்வார். இல்லை என்பேன். எழுந்து போவார்.

மூன்றாவது வருடம் மாசியில் இனியவன் மறுபடி வந்தான். விடுபட்டவர்களுக்கு இன்னொரு சுற்று. வந்ததும் முதலில் அக்காவைத்தான் தேடினான். நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். அதிலிருந்து அவனுக்குத் தூக்கம் சரியில்லை என்று அவன் முகமே சொன்னது. மனையில் போய் நின்று, இடிந்த சுவரையும் அக்காவையும் சேர்த்து நிறுத்தி அழுத்தினான். செயலி ஏற்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினான். பதிவு செய்த இடத்திலிருந்து நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள், அங்கே சென்று முயலுங்கள் என்று வந்தது. பழைய பெயரை மறுபடி ஏற்ற வேண்டுமானால் பழைய புள்ளியில்தான் நிற்க வேண்டும். புதிதாக ஏற்றலாம் என்றால், ஆதார் எண் ஏற்கெனவே இருக்கிறது என்று தள்ளியது.

இனியவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, மொதல்ல இந்த 'வீடு இல்ல'ங்கறத எடுத்தாவணும். அது இருக்குற வரைக்கும் ஒங்க பேரே கணக்குல வராது. அந்தக் கரையில ஒரு கொட்டாய் இருந்து, அதுக்கு முன்னால நீங்க நின்னா ஏத்திடுவேன். அதுக்கப்பறம் எடத்த மாத்தச் சொல்லி எங்க சாரே எழுதித் தரேன்னாரு."

எனக்கு வந்ததே கோபம். "பட்டா மனைய வுட்டுட்டுப் புறம்போக்குல கொட்டாய் போடறதா? எந்த ஊரு புத்தி இது? அக்கா, வேணாம்."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "மூணு வருசமா நான் சொல்றத யாரு தம்பி கேட்டா? அது சொல்றதத்தான் எல்லாரும் கேக்குறாங்க. அது சொல்ற எடத்துலயே நின்னுட்டுப் போறேன்."

புது மூங்கில் வாங்க வழியில்லை. வீட்டுக் கூரையில் நன்றாக இருந்த மூங்கிலையும் கீற்றையும் பிரித்தார். சுவர் இல்லாத வீட்டுக்குக் கூரை எதற்கு என்றார். நாலு பெண்கள் கூடச் சுமந்து, நடுவாய்க்கால் கரையில் கொட்டாய் போட்டார்கள். இனியவன் வந்தான், வட்டம் சுருங்கக் காத்திருந்தான், அழுத்தினான். பச்சையாக ஒரு சரிக்குறி வந்தது. திரையை அக்காவிடம் காட்டி, "ஏறிடுச்சுக்கா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அக்கா அவனுக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தார்.

பிரித்த கூரையைத் திரும்பக் கட்ட ஆளும் இல்லை, அதைத் தாங்கச் சுவரும் இல்லை. இடம் மாற்றும் கடிதம் வருகிற வரைக்கும் அங்கேயே இருக்கிறேன் என்று அக்கா கொட்டாயில் தங்கினார். இனியவனின் ஒப்பந்தம் பங்குனியோடு முடிந்தது. எழுதித் தருகிறேன் என்ற சாருக்கு மாற்றல் வந்தது. பட்டா மனையில் முழங்கால் உயரத்துக்கு எருக்கஞ்செடி முளைத்தது.

வைகாசியில், மேட்டூர் திறப்பதற்கு முன்னால், வாய்க்கால்களைத் தூர்வார வந்தார்கள். தூர்வாருவதற்கு முன் கரையில் இருக்கிற ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டுமாம். யார் யார் இருக்கிறார்கள் என்று ஊரில் விசாரிக்கவே இல்லை. புள்ளிகள் எல்லாம் ஏற்கெனவே கையில் இருந்தன. ஒரு ஊழியர் செல்போனைப் பார்த்துக்கொண்டே கரையில் நடந்து வந்து, கொட்டாய் வாசலில் நின்று, அம்சம் யார் என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவின் ஆயுளில் அரசாங்கத்தின் காகிதம் ஒன்று அலையவிடாமல் நேராக அவர் கைக்கு வந்தது அன்றைக்குத்தான். இரண்டு வாரத்துக்குள் தாமே காலி செய்ய வேண்டும். தவறினால் இயந்திரம் கொண்டு அகற்றப்படும். நீர்நிலை ஆக்கிரமிப்பாளர் என்பதால் வீட்டுத் திட்டப் பட்டியலிலிருந்து பெயர் நிரந்தரமாக நீக்கப்படும்.

அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வெயில் நேரம். கடையில் வேறு யாரும் இல்லை. நான் படித்துச் சொன்னேன். நிரந்தரமாக என்ற சொல்லை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். விடவில்லை. படித்து முடித்ததும் அக்கா காகிதத்தைத் திரும்ப வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மனைக்குத் திரும்பிப் போயிடுங்கக்கா. ரெண்டு தார்ப்பாய் நான் வாங்கித் தரேன்" என்றேன்.

"அங்க போனா வீடு இல்லன்னு போடுவாங்க. இங்க இருந்தா இருக்கக் கூடாதுன்னு போடுவாங்க."

"பேரத்தான் எடுத்துட்டாங்களே. இனிமே எங்க இருந்தா என்னக்கா?" என்று சொல்லிவிட்டேன். ஆறுதலாகச் சொல்ல நினைத்ததுதான். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே தெரிந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. என் மேசையில் கிடந்த செல்போனை எடுத்தார். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கருப்பாக இருந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீங்க படிச்ச புள்ள, ஒங்களுக்கு அதுக்கிட்ட கேக்கத் தெரியும். அம்சம் எங்க போயி நிக்கட்டும்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி. எங்க சொன்னாலும் போயி நிக்கிறேன்."